அம்மா வீட்டுக்கு எதிரே உணவங்காடி இருந்தால் போதுமா?

“தோ பாயோவில் 76 வயது அம்மா தனியாக இருக்கிறார். நீரிழிவு, முழங்கால் வலி. சமைப்பதை நிறுத்திவிட்டார், மூன்று வேளையும் எதிரே இருக்கும் உணவங்காடியில்தான். வெள்ளமோ புகைமூட்டமோ வந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? நான் இருப்பது தள்ளி, பொங்கோலில்” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சிங்கப்பூரில் திடீர் வெள்ளம் பெரும்பாலும் சீக்கிரமே வடிந்துவிடும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புகைமூட்டம் அப்படியில்லை, நாள்கணக்கில் நிற்கும். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 என்ற அபாயகரமான அளவு வரை போனது. அப்படி ஒரு நாளில் உணவங்காடி திறந்தே இருக்கும், ஆனால் நாலு பக்கமும் காற்று வீசுகிற இடத்துக்கு நடந்து போய் உட்கார்ந்து சாப்பிட உங்கள் அம்மாவால் முடியாது. ஊருக்கெல்லாம் திறந்திருக்கும் கடை அவருக்கு மட்டும் மூடிக்கிடக்கும்.

பேரிடர் எங்கே வந்தாலும் இதுதான் நடக்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத்தவர் வாழும் வட்டாரங்களில்தான் பேரங்காடிகள் திரும்ப வருவதற்கு அதிக காலம் பிடித்தது. 2015 சென்னை வெள்ளத்தில் பால் பாக்கெட் 100 ரூபாய் வரை விற்றது, ஏடிஎம்மும் வேலை செய்யாததால் கையில் ரொக்கம் இருந்தவர்தான் வாங்கினார்.

அதனால் அம்மாவுக்குச் சாப்பாடு வரும் வழிகளை எண்ணிப் பாருங்கள். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று, அதை மூன்றாக்க வேண்டும். முதலில் வீட்டிலேயே மூன்று நாளுக்கு, அடுப்பு வேண்டாத உணவு: அவல், ஓட்ஸ், பிஸ்கட், சார்டின், கொண்டைக்கடலை டின். நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், எனவே சாப்பாடு தாமதமானால் மருந்தை என்ன செய்வது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம், அதே தளத்தில் ஒரு அண்டைவீட்டுக்காரர், அவர் எண் அம்மாவின் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, தாளிலும் வேண்டும். மூன்றாவது, மூத்தோருக்காகப் பக்கத்தில் இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையம்: பெயரைப் பதிந்து, வீட்டுக்கே உணவு வருவதற்கு வழி உண்டா என்று கேளுங்கள். சில்லறை நோட்டாக ஒரு 50 வெள்ளி அலமாரியில் இருக்கட்டும்.

துவாஸ் பக்கம் விடுதிகளில் கேட்டரிங் சாப்பாட்டை மட்டுமே நம்பியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களான நம் தம்பிகளுக்கும் சாப்பாடு வரும் வழி ஒன்றே ஒன்றுதான், அது என்னை இன்னும் உறுத்துகிறது.

சரி, அடுத்த முறை போகும்போது டின்னை அம்மாவையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். விரல் வலித்தால் வேறு வகை வாங்குங்கள்.