ஐந்து மணி நேரம் திரைமுன் இருந்தும் மதிப்பெண் ஏன் வரவில்லை? இணையவழியில் மேல்நிலை படிக்கும் மகனுக்கு ஆலோசனை

கேள்வி: பல்லடம் அருகே விசைத்தறி நடத்தி வருகிறோம். என் மகன் பத்தாம் வகுப்பு வரை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தான். தடகளப் பயிற்சிக்காக வீட்டுக்கு அழைத்து வந்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மேல்நிலைக்குப் பதிவு செய்து, ஒரு தனியார் மையத்தின் ஆன்லைன் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். தினமும் ஐந்து மணி நேரம் லேப்டாப் முன்னால்தான் இருக்கிறான். ஆனாலும் மாதத் தேர்வில் பாதிப் பாடங்களில் தேறவில்லை. அவன் அனுப்பிய ஒப்படைப்பு இன்னொரு மாணவனுடையதைப் போலவே வரிக்கு வரி இருப்பதாகவும், ஆசிரியரின் முகத்தை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டதாகவும் புகார் வந்திருக்கிறது. நானும் என் கணவரும் பத்தாவதைத் தாண்டாதவர்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றில் முதலில் என் கண்ணில் பட்டது ‘ஐந்து மணி நேரம்’ என்ற கணக்குதான். உங்கள் பட்டறையில் தறி எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்தா கூலி தருகிறீர்கள்? இறங்கிய மீட்டரைப் பார்த்துத்தானே தருகிறீர்கள். படிப்பையும் அப்படித்தான் அளக்க வேண்டும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் மகனால் எவ்வளவு எழுத முடிகிறது என்பது ஒன்றே அளவு. திரைமுன் அமர்ந்த நேரம் அதற்கு ஈடாகாது.

விடுதிப் பள்ளியில் அவனை விடியற்காலையில் எழுப்பவும், மணியடித்துப் படிப்பறைக்கு அனுப்பவும், அன்றைய பாடத்தை அன்றே ஒப்பிக்க வைக்கவும், வாராவாரம் தேர்வு வைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் நிறைகுறைகளைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. அது இப்போது வேண்டாம். ஆன்லைனுக்கு மாறியபோது பாடம் மட்டும் வீட்டுக்கு வந்தது, அந்த ஆட்கள் வரவில்லை. அவர்கள் செய்துவந்த வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பதைப் பதினாறு வயதுப் பையனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. வீடியோவைப் பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்தது போல இருக்கிறது. படித்தாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறான். அவனை ஏமாற்றுவது அந்தப் ‘புரிந்தது போல’ இருக்கும் உணர்வுதான்.

இதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் இரண்டு பகுதிகளைப் படித்த பிறகு, ஒன்றை மறுபடியும் படிக்கவும், மற்றொன்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தது 42 விழுக்காடாகச் சரிந்திருந்தது, எழுதிப் பார்த்தது 56 விழுக்காடாக நின்றது. தேர்வு வருவது ஐந்து நிமிடத்தில் அல்ல, மாதங்கள் கழித்து. ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு மதிப்பிட்டபோதும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் நாள்களைப் பிரித்து இடைவெளி விட்டுப் பயில்வதுமே அதிகப் பயன் தருபவை என்று சொன்னார்கள். வரிக்கு அடியில் கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்தவை என ஒதுக்கப்பட்டன. நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்வது இந்தக் கடைசி இரண்டைத்தான்.

ஆகவே நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் (அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ என்ற இணையவழி வகுப்பு வழிகாட்டுதல், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு நேரலை வகுப்புகளுக்கு மேல் கூடாது என்கிறது. கூட்டிப் பார்த்தால் அதிகபட்சம் மூன்று மணி நேரம்தான். மீதி இரண்டு மணி நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்காரட்டும். திறந்தநிலைப் பள்ளியின் பொதுத்தேர்வு பேனாவால் தாளில் எழுதும் தேர்வு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் திரையைத் தொட்டுப் பழகிய கை, மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும்போது பாதியிலேயே தளர்ந்துவிடும்.

வகுப்பு முடிந்த கையோடு என்ன செய்ய வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். அன்றைய பாடம் ஒளிச்சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ முடிந்ததும் குறிப்பையும் புத்தகத்தையும் மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் பத்து நிமிடம், நினைவுக்கு வருவதை எல்லாம் எழுத வேண்டும். பசுங்கணிகம், தைலக்காய்டில் ஒளிவினை, ஸ்ட்ரோமாவில் இருள்வினை என்று கொஞ்ச தூரம் தடையில்லாமல் போகும். வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து கிடைக்கிறது, நீரிலிருந்தா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா என்ற இடத்தில் பேனா நிற்கும். அந்த இடத்தைச் சுழித்து வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து, நீரிலிருந்துதான் என்று பார்த்துச் சிவப்பு மையில் எழுத வேண்டும். வீடியோவை நான்கு முறை ஓட்டிப் பார்த்திருந்தாலும் இந்த ஓட்டை தெரிந்திருக்காது. அதே தாளை மறுநாள் காலை பார்க்காமல் மறுபடி எழுதுவது, பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு மூன்று வாரம் கழித்து எழுதுவது என்று தேதி குறித்து வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வரும்.

பதிவு செய்யப்பட்ட வகுப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இன்னொரு பொறி. திறந்தநிலைப் பள்ளியின் விதிகளே இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கின்றன: ஒருமுறை செய்த பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம், பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கும். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இது பெரிய உதவி. பதினாறு வயதுக்காரனுக்கோ ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லக் கிடைத்த அனுமதி. விடுபட்ட வகுப்பை இரண்டு நாளுக்குள் பார்க்காவிட்டால் அதை விட்டுவிட்டுப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. திறந்தநிலைப் பள்ளியின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்திலும் பாடங்கள் உண்டு. ஒரே பாடத்துக்கு ஆறு யூடியூப் சேனல்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட அந்தப் புத்தகம் ஒன்றே மேல்.

வீட்டுச் சூழலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் விசைத்தறி வீடுகளில் நான் கேட்டறிந்ததை வைத்துச் சொல்கிறேன். பையன் வீட்டில் இருக்கிறான் என்றால், பாவு பிணைக்க ஆள் வரும்போதும், கோன் மூட்டை இறங்கும்போதும், வாசலில் யாரோ கூப்பிடும்போதும், “வீட்டுலதான சாமி இருக்கறே, ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு” என்ற குரல் வந்துவிடுகிறது. ஒரு எட்டு அரை மணி நேரமாகிறது. வகுப்பு நேரத்தில் அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்றே வீட்டார் எல்லோரும், குறிப்பாக அப்பாரும் ஆத்தாளும், நினைத்துக்கொள்ள வேண்டும். தறி ஷெட்டை ஒட்டிய அறையில் உட்காராமல், ஆள் நடமாட்டம் இல்லாத சுவரோரமாக இடம் அமையட்டும். போன் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகத் துணை மின்நிலைய வாரியாக மின்தடை செய்யும் நாளை முன்கூட்டியே செய்தித்தாள்களில் அறிவித்துவிடுகிறார்கள். பட்டறை வைத்திருக்கும் உங்கள் கணவருக்கு அந்தத் தேதி எப்படியும் தெரிந்திருக்கும், மகனுக்கும் தெரியட்டும். முந்தைய நாளே ஆசிரியருக்கு, “ஐயா, நாளை எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் இருக்காது. உயிரியல் வகுப்பில் கலந்துகொள்ள முடியாமல் போகலாம். பதிவைப் பார்த்து, நாளை மறுநாள் மாலைக்குள் கேள்விகளை அனுப்புகிறேன்” என்று அவன் எழுதி அனுப்பினால் அது பொறுப்பு. வகுப்பு முடிந்த பிறகு “கரண்ட் இல்ல சார்” என்று அனுப்பினால் அது சாக்கு. காரணம் இரண்டிலும் ஒன்றுதான்.

இனி நடத்தைக்கு வருகிறேன். புகார்களில் எனக்கு அதிகம் கவலை தருவது ஒப்படைப்பு விஷயம். திறந்தநிலைப் பள்ளியில் ஆசிரியர் மதிப்பீட்டு ஒப்படைப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் 20 விழுக்காடு மதிப்பு உண்டு. தேர்ச்சிக்கு வேண்டியது 33 விழுக்காடு என்பதால், நேர்மையாக எழுதிய ஒப்படைப்பு மதிப்பெண்ணுக்குப் பெரிய துணையாகும். பார்த்து எழுதியது பிடிபட்டால் அந்த ஆதாயம் முழுவதும் போய்விடும். அதைவிட, ஒப்படைப்புதான் அவனுக்கு இருக்கிற ஒரே கட்டாய எழுத்துப் பயிற்சி. அதையும் நண்பனின் கையெழுத்தில் முடித்துவிட்டால் மாதத் தேர்வில் எதைக் கொண்டு எழுதுவான்? மதிப்பெண் குறைவும் ஒப்படைப்புப் புகாரும் இரண்டு தனிச் சிக்கல்கள் என்று நீங்கள் எண்ணியிருந்தால், அவை ஒன்றுதான் என்பதே என் கருத்து. அந்த ஒப்படைப்பைப் புதிதாக எழுதி, நடந்ததை ஒப்புக்கொண்டு ஒரு கடிதத்தோடு ஆசிரியருக்கு அவனே அனுப்பட்டும். கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இதில் அடங்கும். ஒளிச்சேர்க்கையிலிருந்து பத்துக் கேள்வி கேள் என்று செயலியிடம் சொல்லித் தானே பதில் எழுதினால் அது படிப்பு. பதிலைச் செயலியிடம் வாங்கி ஒட்டினால், நண்பனைப் பார்த்து எழுதியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. போதாததற்குச் செயலி தவறான விடையையும் தயங்காமல் சொல்லும். எழுதியதைப் பார்க்காமல் வாயால் விளக்க முடிகிறதா என்பதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஸ்டிக்கர் விவகாரத்தைச் சிறு பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட வேண்டாம், போலீஸ் என்று பயமுறுத்தவும் வேண்டாம். நேரில் இருந்தால் ஆசிரியரின் முகத்துக்கு முன்னால் செய்யாத ஒன்றை, திரைக்குப் பின்னால் இருப்பதால் செய்திருக்கிறான். குழுவில் போட்டது பல போன்களுக்குப் போயிருக்கும், இனித் திரும்பப் பெற முடியாது. அது அவனுக்குப் புரிய வேண்டும். தவறு குழுவில் நடந்ததால் மன்னிப்பையும் குழுவில் கேட்க வேண்டும், ஆசிரியரிடம் தனியாகவும் பேச வேண்டும். வகுப்பில் சொந்தப் பெயரோடு நுழைவது, பேசாதபோது மைக்கை அணைத்து வைப்பது (தறிச் சத்தம் உள்ள வீட்டில் இது இரட்டிப்புக் கட்டாயம்), வகுப்பைப் படம் பிடித்து வெளியே அனுப்பாதிருப்பது, தனக்குப் பதில் நண்பனை உள்ளே நுழையவிட்டு வருகை காட்டாதிருப்பது ஆகியவை வழக்கமானவை; மையமே சொல்லியிருக்கும். குழுவில் எல்லோருடைய எண்ணும் தெரிவதால், உடன் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது என்று நீங்களே நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அதேபோல், பெரியவர் யாராவது அவனுக்கு முறையில்லாத செய்தி அனுப்பினால் உங்களிடம் அஞ்சாமல் சொல்லலாம் என்பதும், குழந்தைகள் உதவி எண் 1098 என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் கேள்வி கேட்பதும் நடத்தையின் பகுதியே. “புரியல சார்” என்று எழுதினால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. “ஒளிவினையில் உண்டாகும் ஏ.டி.பி. இருள்வினையில் எந்தப் படியில் செலவாகிறது என்பது விளங்கவில்லை” என்று எழுதினால் ஒரு நிமிடத்தில் பதில் வரும். வெள்ளைத் தாளில் சுழித்து வைத்த இடங்கள்தான் இந்தக் கேள்விகள்.

பத்தாவதைத் தாண்டவில்லை என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் புத்தகத்தை நீங்கள் பிரித்து வைத்துக்கொண்டு, அன்றைய பக்கத்தை அவன் சொல்லச் சொல்ல வரிகளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வாருங்கள். எங்கே தாண்டுகிறான் என்பது பாடம் தெரியாதவருக்கும் தெரியும். பின்னால் போய் நின்று திரையை எட்டிப் பார்ப்பதையும், மணிக்கொருமுறை விசாரிப்பதையும் விட்டுவிடலாம். காலைப் பயிற்சிக்கு எழ வேண்டியவன் என்பதால் இரவு பத்து மணிக்குமேல் படிக்கச் சொல்லவும் வேண்டாம்.

இப்படி ஒரு மாதம் நடத்திப் பார்த்த பிறகும் சில பாடங்கள் கைக்கு வரவில்லை என்றால், அடுத்த பொதுத்தேர்வில் ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வைக்காதீர்கள். தயாரான இரண்டு அல்லது மூன்று பாடங்களை இப்போது எழுதித் தேறி, மீதியை அடுத்த பருவத்தில் எழுதத் திறந்தநிலைப் பள்ளி அனுமதிக்கிறது. தேறிய பாடங்களின் மதிப்பெண் கணக்கில் நிற்கும். கடைசிப் பாடம் அக்டோபர்-நவம்பரில் முடிந்தால் கல்லூரிச் சேர்க்கைக்கு அடுத்த கோடை வரை காத்திருக்க நேரும் என்பதையும், இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்றவற்றின் செய்முறையை ஒதுக்கப்பட்ட படிப்பு மையத்துக்கு நேரில் போய்த்தான் செய்ய வேண்டும் என்பதையும், போட்டிகள் நடக்கும் மாதங்களையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, தேர்வுக் கட்டணம் கட்டும் முன் மகனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.