ஊசி இல்லாமல் பெறுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மண்டூரிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். எனக்கு இது முதல் பிள்ளை. மார்கழிக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில். கனடாவில் இருக்கும் என் அக்கா முதுகில் ஊசி போட்டுத்தான் இரண்டு பிள்ளையும் பெற்றவ. "நோ எண்டதே தெரியேல்ல" என்கிறா. மாமி அதைக் கேட்டுச் சிரிக்கிறா. மாமி தன்னுடைய மூன்றையும் வீட்டில் மருத்துவிச்சியை வைத்துப் பெற்றவ. என் கணவர் இரண்டாவது, 1991இல் பிறந்தவர். "நோகாமப் பெத்தா அது என்ன புள்ளப்பேறு" என்று கேட்கிறா. கணவரோ வெள்ளைக்காரப் பெண்கள் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து மருந்தில்லாமல் பெறும் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நானும் பார்த்துப் பார்த்து, எந்த ஊசியும் போடாமல் பெறுவதென்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் இரவானால் பயம் வருகிறது. தாங்காமல் கத்தி ஊசி கேட்டுவிட்டால் எல்லாருக்கும் முன்னால் தோற்றதுபோல் ஆகிவிடுமோ? நான் எடுத்த முடிவு சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கேட்டதற்கு நேர்ப் பதில் முதலில். மருந்தில்லாமல் பெறலாம். உங்கள் உடம்பும் பிள்ளையின் கிடையும் சரியாக இருந்தால், மருந்து போடவில்லை என்பதால் மட்டும் ஓர் ஆபத்தும் வராது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கனபேர் அப்படித்தான் பெறுகிறார்கள். ஆனால் அதை நீங்கள் எடுத்த முடிவு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

உங்கள் அக்கா எடுத்தது முடிவு. அவவிடம் கேட்டார்கள், அவ வேண்டும் என்று சொன்னா. அந்த முதுகு ஊசியை, எபிடியூரல் என்பார்கள், போடுவதற்கு மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் வர வேண்டும். முள்ளந்தண்டுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு அதன்வழியே மருந்தை ஏற்றுவார்கள். பிறகு பிரஷரையும் பிள்ளையின் இதயத்துடிப்பையும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மயக்கமருந்து வைத்தியர்களுக்குத் தியேட்டர் வேலைக்கே நேரம் காணாது. கேட்டவுடன் கிடைக்கும் என்ற நிலைமை இங்கே இல்லை. இல்லாத சாமானை வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு மனப்போராட்டம் எதற்கு?

வீடியோவில் வரும் பெண்களின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் மோர்ஃபினையும் ஸ்கொப்பொலமினையும் சேர்த்துக் கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். அமெரிக்காவில் அந்த வழக்கம் 1960கள் வரைக்கும் இழுபட்டது. அது வலியை முழுதாக எடுக்கவில்லை, வலித்த ஞாபகத்தைத்தான் அழித்தது. அரை மயக்கத்தில் பிதற்றி உருண்டு விழாமல் இருக்கப் பெண்களைக் கட்டிலோடு வாரால் கட்டினார்கள். கண் விழித்தால் பக்கத்தில் ஒரு பிள்ளை, எப்படி வந்தது என்று தாய்க்குத் தெரியாது. இதையெல்லாம் கண்டுதான் "எங்களை விழிப்பாக இருக்க விடுங்கள்" என்று அங்கே பெண்கள் எழும்பினார்கள். நியாயமான கோபம். அதுதான் சுற்றிச் சுற்றி, மெழுகுதிரியும் தண்ணீர்த் தொட்டியுமாக, உங்கள் கணவரின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்களை யாரும் உறங்கவைத்துப் பெறுவிக்கவில்லை. எங்கள் அம்மாமார் விழித்துத்தான் கிடந்தார்கள், என்ன வேண்டும் என்று அவர்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அந்த இயக்கத்தின் முன்னோடிகளில் கிராண்ட்லி டிக்-ரீட் என்று ஓர் ஆங்கிலேய வைத்தியர் இருந்தார். பயம் உடம்பை இறுக்கும், இறுகிய உடம்பில் வலி கூடும், கூடிய வலி மறுபடி பயத்தைக் கூட்டும் என்று 1930களில் எழுதினார். அதில் உண்மை இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் நாகரிகம் அண்டாத தேசங்களின் பெண்கள் பெரிதாக நோகாமலே பெற்றுவிடுகிறார்கள் என்றும் அவர் நம்பினார். அந்தப் பெண் யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் அம்மம்மாவும் என் அம்மம்மாவும்தான். நேரில் வந்து கேட்டிருந்தால் நல்ல தமிழில் பதில் கிடைத்திருக்கும்.

நோவது பெண்ணுக்கு விதித்தது என்ற பேச்சும் நம் ஊரின் தனிச்சொத்து இல்லை. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோபோம் என்ற மயக்கமருந்தைக் கொடுத்தபோது, ஏவாளுக்கு இட்ட சாபத்தைப் பைபிளில் காட்டி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1853இல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிள்ளையைக் குளோரோபோம் பிடித்துப் பெற்ற பிறகு எதிர்ப்புக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாமிக்கு ஒரு மகாராணியின் சிபாரிசு போதுமோ என்னவோ.

ஆனால் மாமியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1991 என்று எழுதியிருக்கிறீர்கள். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையில் ஒருத்திக்கு இரவில் நோ கண்டால் எங்கே போவது? பெரிய ஆஸ்பத்திரி வாவிக்கு இந்தப் பக்கம். நடுவில் துறை, சென்றி, ஊரடங்கு. இருட்டில் தோணியை இறக்கினால் சூடு விழும் என்ற பயம். அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவிச்சி எனக்குச் சொல்லியிருக்கிறா. வீட்டுக் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் பெண் அதைப் பிடித்தபடி குந்தியிருப்பாளாம், தாயோ தமக்கையோ பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொள்வாளாம். விளக்கு வெளியே தெரியாமல் சாக்கைத் தொங்கவிடுவார்களாம். சத்தம் ரோட்டுக்குக் கேட்டுவிடும் என்று சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பெற்றவர்கள் இருந்தார்களாம். அதற்கு முன்னால் நான் என்ன பேச? ஆனால் அந்த இரவில் ஓர் ஊசி கிடைத்திருந்தால் மாமி வேண்டாம் என்றிருப்பாவா? ஒரு பின்னேரம் சும்மா கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெற்றுப் பிழைத்தவர்கள்தான் பெருமை பேச மிஞ்சியிருக்கிறார்கள். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரம் அளவில் தாய்மார் செத்தார்கள். இன்று அது சில பத்துகள்தான். நம் பெண்களின் பொறுமை கூடியதால் அது குறையவில்லை. வீட்டுக்கு வரும் மிட்வைஃப், கிளினிக், ஏற்ற இரத்தம், நேரத்துக்குச் சிசேரியன் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததால் குறைந்தது.

சரி, வலிக்கு வருவோம். என்னுடைய முதல் பிள்ளையின்போது பக்கத்துக் கட்டிலில் பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கிடந்தாள். கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மூச்சை அடக்கி அடக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். கடமையில் இருந்தவர்களில் ஒருவர் அங்கே எல்லாருக்கும் பழகிப்போன அந்தப் பேச்சைப் பேசினார். புருஷனோடு படுக்கும்போது தெரியவில்லையா என்ற வகைப் பேச்சு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அப்போது நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தா. பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளங்கையின் அடிப்பக்கத்தை இடுப்பெலும்புக்குக் கீழே வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினா. "மூச்ச விடு புள்ள. ஊதி விடு. மறுகா ஒண்டு வரும், அதுக்குள்ள கைய விடு." அடுத்த நோவுக்கு அவள் கத்தவில்லை, முனகினாள். அதற்கடுத்த நோவுக்கு இடையில் இரண்டு நிமிடம் கண் அயர்ந்தாள். நோ குறைந்திருக்காது. இறுக்கம் போய்விட்டது. டிக்-ரீட் சொன்னதில் உண்மையான பகுதி இதுதான்.

ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. பிரசவம் முழுக்கக் கூடவே ஓர் ஆள் இருந்தால் நேரம் குறைகிறது, தானாகப் பெறும் வாய்ப்புக் கூடுகிறது, வலிமருந்தின் தேவையும் குறைகிறது. விரும்பிய துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது. இங்கேயும் பல ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண்ணை உள்ளே விடுகிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே ஊசியைப்பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அடுத்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: என்னோடு யார் வரலாம்? மாமி வந்தால் நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. இடுப்பை எங்கே அழுத்துவது என்று அவவுக்குத் தெரிந்திருக்கும். விட்டால் நடக்கவும் கேளுங்கள். மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. நோவுக்கும் நோவுக்கும் இடையில் இளைப்பாற நேரம் வரும், அதை வீணாக்க வேண்டாம். கடைசியை நெருங்கும்போது அனேகமாக எல்லாரும் "இனி எனக்கு ஏலாது" என்பார்கள். பெரும்பாலும் அப்போதுதான் கருப்பை வாசல் திறந்து முடியும் தறுவாயில் இருக்கும்.

பிறகும் தாங்கவில்லை என்றால் கேளுங்கள். இங்கே கிடைக்கக்கூடியது அனேகமாகப் பெத்தடின். தொடையிலோ இடுப்பிலோ போடுவார்கள். வலி போகாது, கொஞ்சம் எட்டப் போய் நிற்கும். தலை சுற்றும், குமட்டும். பிறக்கும் நேரத்தை ஒட்டிப் போட்டால் பிள்ளை சோர்ந்து, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம். அதனால் நேரம் பிந்தினால் தரமாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. சில இடங்களில் நைட்ரஸ் ஒக்சைடும் ஒக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயு இருக்கும். முகமூடியை நீங்களே பிடித்து, நோ தொடங்கும்போதே இழுக்க வேண்டும். உச்சத்துக்கு வந்த பிறகு இழுத்தால் அது வேலை செய்வதற்குள் நோ போய்விடும். சேலைனில் மருந்து ஏற்றி நோவை வரவழைத்தால் அது தானாக வரும் நோவைவிட மூர்க்கமாக இருப்பதுண்டு. பிள்ளையின் முகம் மேலே பார்த்துக் கிடந்தால் முதுகே பிளப்பதுபோல் இருக்கும். இரண்டையும் முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன், மருந்து வேண்டாம் என்பதை மண்டூர் முருகனுக்கு வைத்த நேர்த்திபோல் வைத்துக்கொள்ள வேண்டாம். நேர்த்தி தவறினால் தெய்வக்குற்றம். ஊசி கேட்டால் ஒரு குற்றமும் இல்லை.

இன்னும் முக்கியமான ஒன்று. வீடியோ பார்த்துவிட்டு எல்லா ஊசியையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். பிள்ளை பிறந்தவுடன் தொடையில் ஒக்சிடோசின் என்று ஒன்று போடுவார்கள். அது வலிமருந்து இல்லை. கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்போக்கைத் தடுப்பது. மேலே சொன்ன இரண்டாயிரம் பேரில் இரத்தம் போயே செத்தவர்கள் ஏராளம். அதை வேண்டாம் என்று சொல்லவே கூடாது. தையல் போட வந்தால் மரக்கும் ஊசியைப் போட்டு, அது மரக்கும்வரை பொறுத்துவிட்டுத் தைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் சில இடங்களில் அது பிடிக்குமுன்பே தைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பத்து மணித்தியாலம் தாங்கியவள் அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தையும் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

மார்கழி என்கிறீர்கள். எனக்கு அதுதான் வலியைவிடக் கவலை. மழை பிடித்தால் வெல்லாவெளிப் பக்கத்து ரோட்டைப்பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இரவில் யானையும் நிற்கும். வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகை இரவில் நம்பாமல் பட்டிருப்புப் பாலத்தால் வரும்படி ஒரு வாகனத்தை இப்போதே பேசி வையுங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அந்த இலக்கத்தை மாமியின் போனிலும் போட்டுக் கொடுங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் நாள் நெருங்கியதும் அங்கே போய் இருப்பது உத்தமம். தண்ணீர்க்குடம் உடைந்தால், இரத்தம் கண்டால், பிள்ளையின் துடிப்புக் குறைந்ததுபோல் பட்டால் நோ வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வெளிக்கிடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் அரைப்பதற்கு மாமி சரக்கெல்லாம் வாங்கி வைத்திருப்பா. நன்றாகச் சாப்பிடுங்கள், அந்தக் கறியின் ருசி வேறெதற்கும் வராது. தண்ணீரைக் குறை, வயிறு போடும் என்று சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும்.

அன்புடன்,
அக்கா