வறட்சி தாங்கும் பயிர் போட்டால் கெட்டுப்போன நிலம் திரும்புமா?

கேள்வி: பல வருடமாகத் தரிசாகக் கிடக்கும் மானாவாரி நிலத்தில் கம்பு, சோளம், துவரை என்று வறட்சி தாங்கும் பயிர்களையே தொடர்ந்து போட்டு வந்தால் மண் தானாகச் சரியாகிவிடுமா?

தானாக ஆகாது. நானும் அப்படி நம்பித்தான் ஆரம்பித்தேன். முதல் வருடம் முழுக்கச் சோளம். மழை சுமாராகப் பெய்தும் பாதி விதை முளைக்கவில்லை. முளைத்ததில் கதிரையும் எடுத்து, தாளையும் அடியோடு அறுத்து மாட்டுக்குப் போட்டேன். மறுவருடம் மண் முன்பைவிட மோசம். வறட்சி தாங்கும் பயிர் என்றால் குறைந்த நீரில் பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மண்ணுக்கு அது எதையும் திருப்பித் தரும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். சோளம் இருக்கிற கொஞ்சநஞ்சச் சத்தையும் தேடி உறிஞ்சிவிடும்.

விதை ஏன் முளைக்கவில்லை என்று ஒரு இடத்தில் கிளறிப் பார்த்தேன். மேலே விரல்நகத் தடிமனுக்குப் பொருக்கு. அடியில் வெளிறிப்போன முளைகள், மேலே வர வழியில்லாமல் வளைந்து கிடந்தன. மூடாக்கு (இலை, தாள் போர்வை) இல்லாத மண்ணில் மழைத்துளி நேராக விழும்போது மண்கட்டி உடைந்து, நுண்துகள் துவாரங்களை அடைத்து, காய்ந்ததும் ஓடாகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்து ஓடத்தான் செய்யும். உங்கள் நிலத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நின்ற இடத்தில் இறங்காமல் ஓடினால், பயிர்த் தேர்வெல்லாம் பிறகு, முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது.

இதற்கு ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியில் 'ஜை' என்று ஒரு பழைய முறை உண்டு. ஒரு சாண் அகலம், அரைச் சாண் ஆழத்தில் கோடையிலேயே குழிகள் தோண்டி, தொழுவுரம் போட்டு, மழை வந்ததும் குழிக்குள் விதைப்பார்கள். உரத்தைத் தின்ன வரும் கறையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்துவிடும். அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். கறையானை எதிரியாக மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் ஆயிற்று. அந்தப் பகுதி நாடான புர்கினா ஃபாசோவின் விவசாயி யாகூபா சவடோகோ 1980களின் வறட்சிக் காலத்தில் இந்தக் குழியைப் பெரிதாக்கி, உரம் சேர்த்து, பாறை போல் இறுகிய நிலத்தில் கம்பும் சோளமும் எடுத்தார். உரத்தோடு வந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன, அவர் வெட்டாமல் விட்டார், காடானது.

சரி, பயிர். ஒன்றே ஒன்றுதான் போட முடியும் என்றால் நான் துவரை போடுவேன். ஆணிவேர் ஆழமாக இறங்கும், செடி செத்த பிறகு அந்த வழியே தண்ணீர் இறங்கும். வேர் விடும் ஒரு அமிலம், இரும்போடு பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) விடுவித்துக்கொள்ளும். இலையும் நிறையக் கொட்டும். ஆனால் தரையை மூட நாளாகும் என்பதால் இடையில் தட்டைப்பயறோ கொள்ளோ படரவிட வேண்டும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைக் கெல்லி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, அடுத்த முறை விதையோடு ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலக்க வேண்டியிருக்கும்.

அறுவடையில் செடியைப் பிடுங்காதீர்கள், தரையோடு வெட்டுங்கள். வேரும் அடிக்கட்டையும் மண்ணுக்கு. தாளில் பாதியாவது பரப்பிக் கிடக்கட்டும். சொல்வது எளிது, இரண்டாம் வருடம் நான் விட்டுவைத்த தாளை ஒரே மதியத்தில் பக்கத்து ஆடுகள் மேய்ந்துவிட்டுப் போயின. வேலி போட முடியாவிட்டால் மேய்ப்பவர்களோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

மரம் நடக் காசு செலவழிக்கும் முன் நிலத்தில் பழைய வேர்க்கட்டை ஏதாவது துளிர்க்கிறதா என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ 1980களில் விவசாயிகளோடு செய்தது இதைத்தான். துளிர்களில் நல்லதாக இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கழிப்பது. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின, பெரும்பாலும் நாற்று நடாமலேயே. வறட்சி தாங்குகிறது என்பதற்காகச் சீமைக்கருவேலத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். கொண்டுபோய் நட்ட பல நாடுகள் இன்று அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு நான்காவது மழைக்காலத்தில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. செம்புத் தண்ணீர் ஓடாமல் அங்கேயே இறங்கியது. மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தால் அது உப்புப் பிரச்சினை, நான் சொன்னதில் பாதி அங்கே செல்லாது. முதலில் மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.