பாதி விலையில் ஆபீஸ் லேப்டாப்: வாசகர் கேள்வி பதில்

சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வரும் தை, மாசியில் வீட்டுக்கு ஒரு லேப்டாப் என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த லேப்டாப்களைப் பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மன்னார்குடி வாசகர்: மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறாள். புதிது வாங்க 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். திருச்சியில் ஒரு கடையில் திங்க்பேட் டி480, ஐ5, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 17,500 ரூபாய் சொல்கிறார்கள். இவ்வளவு மலிவாக எப்படித் தர முடிகிறது? நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், சரக்கு சரியாக இருந்தால். மலிவுக்குக் காரணம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் லேப்டாப்பை மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, கெடு முடிந்ததும் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் கழித்துவிடும். கழிக்கப்படுவதற்குக் காரணம் கெடு முடிந்தது; மெஷின் கெட்டுப்போனது அல்ல. லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல் லேட்டிட்யூட், எச்.பி. எலைட்புக் எல்லாம் இப்படி வருபவைதான். இதே 17,500க்குப் புதிதாகக் கிடைக்கும் லேப்டாப்பில் வேகம் குறைந்த செலரான் ரகப் புராசஸரும், பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்த ரேமும்தான் இருக்கும்.

ஆனால் மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டி480 என்ற பெயரிலேயே ஏழாம் தலைமுறைப் புராசஸரும் வந்திருக்கிறது, எட்டாம் தலைமுறையும் வந்திருக்கிறது. எலைட்புக் 840 ஜி5-ம் அப்படித்தான். புராசஸர் பெயரில் ஐ5-க்கு அடுத்து வரும் எண்ணைப் படியுங்கள். 7300யு என்றால் ஏழு, 8350யு என்றால் எட்டு, 10310யு என்றால் பத்து. ஏழில் கோர் (புராசஸருக்குள் வேலை செய்யும் மையம்) இரண்டு, எட்டில் நான்கு. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

டி480-க்கே உரிய இரண்டு விஷயங்கள். இதற்கு உருண்டை முனை சார்ஜர் கிடையாது, யு.எஸ்.பி.-சி வழியாக மட்டுமே சார்ஜ் ஏறும். அந்த யு.எஸ்.பி.-சி துளைகள் இரண்டு. அவற்றில் ஒன்று தண்டர்போல்ட் எனும் அதிவேகத் துளை; அதை இயக்கும் உள்மென்பொருளில் (ஃபர்ம்வேர்) ஒரு கோளாறு இருந்தது. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடாமலே ஓடிய மெஷின்களில் அந்தத் துளை செத்துப்போயிருக்கலாம். இரண்டு துளையிலும் சார்ஜரைச் செருகி, இரண்டிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இதில் பேட்டரி இரண்டு: உள்ளே 24 வாட்-மணி, பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடியது ஒன்று. பின்பக்கத்தில் இருப்பதுதான் முதலில் கரையும், ஆகவே அதுதான் அதிகம் தேய்ந்திருக்கும். ஸ்குரூ டிரைவர் இல்லாமலே மாற்றலாம் என்பதால் அதற்காக நல்ல மெஷினை விட்டுவிட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பாபநாசம் வாசகர்: ‘ஏழாம் ஜெனரேஷன்தான், ஆனால் விண்டோஸ் 11 போட்டே தருகிறேன்’ என்று 11,000 சொல்கிறார் கடைக்காரர். பரவாயில்லையா?

வேண்டாம். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்குக் கேட்பது பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு மேல். அதற்குக் கீழே போட்டுத் தருவது சோதனையைத் தாண்டிக் குதித்துப் போட்டது. இன்று ஓடும், பெரிய அப்டேட் வரும்போது தானாக ஏறாது, மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதனால் பின்வாங்கவும் இடமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டத் தயார் என்றால் ஏழாம் தலைமுறையும் நன்றாக உழைக்கும். அப்படியானால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

கும்பகோணம் வாசகர்: நான்கு மாதம் முன்பு வாங்கிய லேட்டிட்யூட். ரொம்ப மெதுவாகிவிட்டதே என்று ரீசெட் செய்தேன். இப்போது வைஃபை கொடுத்ததும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் வந்து, ஆபீஸ் இமெயில் கேட்டு நிற்கிறது. நான்கு மாதம் நன்றாக ஓடியதே, இது என்ன?

உங்கள் லேப்டாப் இன்னும் பழைய கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. ஆட்டோபைலட் என்ற முறையில் கம்பெனிகள் தங்கள் மெஷின்களின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து வைக்கும். விண்டோஸ் முதன்முதலாகத் தயாராகும் நேரத்தில் இணையம் கிடைத்தால், மெஷின் போய் ‘நான் யாருடையவன்’ என்று கேட்கும். கம்பெனிப் பெயர் வந்துவிடும். கடையில் இணையம் கொடுக்காமல் விண்டோஸ் போட்டிருப்பார்கள். கேள்வி கேட்கும் வாய்ப்பே மெஷினுக்கு வரவில்லை. நீங்கள் ரீசெட் செய்து வைஃபை கொடுத்த அன்று கேட்டுவிட்டது.

ஹார்டு டிஸ்கை மாற்றினாலும் இது போகாது, அடையாளம் போர்டைச் சேர்ந்தது. விடுவிக்க வேண்டியவர்கள் அந்தக் கம்பெனியின் ஐ.டி. பிரிவினர். பில்லையும் சீரியல் நம்பரையும் கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் யாரிடம் மொத்தமாக வாங்கினாரோ அவர் மூலமாகக் கம்பெனிக்கு எழுதி நீக்கச் சொல்லட்டும். முறைப்படி கழித்த சரக்கு என்றால், நீக்க மறந்த மெஷின் இது, எழுதினால் நீக்கிவிடுவார்கள். நீக்க முடியாது என்று பதில் வந்தால் சரக்கு வந்த வழியே சந்தேகம்; பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘ஆயிரம் கொடுங்கள், பைபாஸ் பண்ணித் தருகிறேன்’ என்பவர் செய்வது பழையபடி இணையமில்லாமல் விண்டோஸ் போடுவதுதான். அடுத்த ரீசெட்டில் அதே பெயர் வந்து நிற்கும்.

பட்டுக்கோட்டை வாசகர்: தஞ்சாவூர் போய் நேரில் வாங்கப் போகிறேன். கடையில் நின்றபடியே என்னென்ன சோதிக்க வேண்டும்?

சோதிக்கப் போதிய நேரம் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ‘ஏ கிரேடு’, ‘பி கிரேடு’ என்று சொல்வதெல்லாம் வெளிக்கூட்டின் கீறலைப் பற்றித்தான். உள்ளே என்ன நிலை என்பதற்கு அதில் பதில் இல்லை.

முதலில் மெஷினை முழுதாக அணைத்து, ஆன் செய்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போங்கள். டெல் என்றால் எஃப்2, திங்க்பேட் என்றால் எஃப்1, எச்.பி. என்றால் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள். ‘சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும்’ என்பார்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அப்படிப் போகாது, அது போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது. செக்யூரிட்டி பக்கத்தில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற வரி இருந்தால், அது ‘ஆக்டிவேட்’ ஆன நிலையில் இருக்கக் கூடாது. இருந்தால், பழைய கம்பெனி நினைத்தால் தூரத்தில் இருந்தே மெஷினை முடக்கலாம். பயாஸில் தெரியும் சீரியல் நம்பரும் (டெல்லில் சர்வீஸ் டேக்) அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே எண் பில்லிலும் ஏற வேண்டும்.

அடுத்து ரீசெட். உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, விண்டோஸை முதலில் இருந்து தயார் செய்யச் சொல்லுங்கள். கும்பகோணம் வாசகருக்கு வந்த பிரச்சினை கடையிலேயே தெரிந்துவிடும். இதற்குத்தான் நேரம் பிடிக்கும். அது ஓடும்போது மூடியை நான்கைந்து முறை திறந்து மூடி, கீல் தளர்ந்திருக்கிறதா, ஓரத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

பிறகு பேட்டரி. கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளை ஒட்டி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதையொட்டி ‘பேட்டரி’, ‘ரிப்போர்ட்’ இரண்டையும் ஒரே சொல்லாக அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி 60,000 மில்லிவாட்-மணி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 42,000 என்றிருந்தால் பேட்டரி 70 சதவீதம் மிச்சம். 60-க்குக் கீழே என்றால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். இரண்டு எண்ணும் அச்சு அசலாக ஒன்றே, சைக்கிள் எண்ணிக்கையும் (எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்பது) சுழியம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். அது கம்பெனிப் பேட்டரி அல்லாத மாற்றுச் சரக்காக இருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி, வெளிச்சத்தை முழுதாக வைத்து 15 நிமிடம் வீடியோ ஓட்டிப் பாருங்கள். 5 முதல் 8 சதவீதம் இறங்கினால் சரி. 15 இறங்கினால் அது ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். 40-ல் இருந்து ஒரே தாவலாக 10-க்கு விழுந்தால் ஒரு செல் போய்விட்டது.

கையாலும் ஒரு சோதனை உண்டு. மெஷினை மட்டமான மேசையில் வைத்து மூலைகளை அழுத்துங்கள்; ஆடினால் அடித்தட்டு வளைந்திருக்கிறது. டச்பேடு ஓரமாக ஒரு நூல் தூக்கி நின்று, அழுத்தினால் ‘க்ளிக்’ என்று இறங்காமல் கெட்டியாக இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. என்ன விலைக்குக் கொடுத்தாலும் அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். கடையிலேயே பேட்டரியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.டி.க்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஹெல்த் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். திரை 1920-க்கு 1080தானா என்று பாருங்கள். 1366-க்கு 768 திரையோடும் இந்த மாடல்கள் நிறைய சுற்றுகின்றன, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மங்கும். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் அழுத்தத் தழும்பு தெரியும். கீபோர்டில் ஒரு எழுத்து விடாமல் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக விண்டோஸ் உரிமம். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்து, இடைவெளி, சாய்கோடு, எக்ஸ், பி, ஆர் என்று அடியுங்கள். ‘நிரந்தரமாக’ என்று வந்தால் நல்லது. ஒரு தேதி வந்தால் அது கம்பெனி உரிம முறையில் தற்காலிகமாக ஓட்டிய விண்டோஸ். பயப்பட வேண்டாம், விண்டோஸ் புரோவோடு விற்ற மெஷின்களில் அதற்கான சாவி பயாஸிலேயே இருக்கும். புரோ பதிப்பைப் போட்டு இணையம் கொடுத்தால் தானே ஏற்றுக்கொள்ளும். உரிமத்துக்கென்று தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: சார்ஜ் போட்டபடி வேலை செய்தால் மேல்தகட்டில் கை பட்டதும் சுரீரென்கிறது. லேப்டாப் கோளாறா?

கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு எர்த்தில். மூன்று முள் சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கண்டென்சர்கள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது உலோகக் கூட்டிலேயே தேங்கி, உங்கள் விரல் வழியாக இறங்கப் பார்க்கும். அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே எர்த் இல்லாத பிளக்கில் ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஓடினால், அங்கே கசிவு வரும் நாளில் ஆபத்து உண்டு. ஆகவே எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் மட்டும் காட்ட வேண்டும். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் நன்றாகப் பிடிக்கும். சித்திரையில் வயல் வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட குழியானாலும் கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

எர்த் ஒயர் இல்லை என்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவோர் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், மாட்டியிருக்கும் எல்லாக் கருவிகளின் கூட்டிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும்.

நாகப்பட்டினம் வாசகர்: உப்புக்காற்றில் பழைய லேப்டாப் தாங்குமா?

தாங்கும். ஆனால் வாங்கும்போது டார்ச் அடித்து யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. துளைகளுக்குள் பாருங்கள். வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தாலோ, அடிப்பக்க ஸ்குரூக்கள் துருவேறியிருந்தாலோ வேண்டாம். வாங்கிய பிறகு பீரோவில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடினால் உள்சூட்டில் ஈரம் தங்காது. ஆண்டுக்கொரு முறை ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். உப்பு ஈரத்தோடு சேர்ந்த தூசி ஊதினால் போகாது, பிரஷ் போட வேண்டும்.

மயிலாடுதுறை வாசகர்: உரக்கடைக்கு டேலி போட வேண்டும். 8 ஜி.பி. போதுமா?

டேலிக்கும் ஜி.எஸ்.டி. வேலைக்கும் போதும். பிறகு கூட்ட நினைத்தால் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். டி480, எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் ஸ்லாட் இரண்டு. டி490-ல் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைத்தது, ஸ்லாட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பனிலும் எக்ஸ்280-லும் எல்லாமே பற்றவைத்தது. வாங்கும்போது இருப்பதே கடைசிவரை.

திருவையாறு வாசகர்: அரசு முத்திரை போட்ட மாணவர் லேப்டாப் 8,000க்குக் கிடைக்கிறது.

வாங்காதீர்கள். அது ஒரு மாணவருக்குப் படிக்கக் கொடுத்தது.

நீடாமங்கலம் வாசகர்: லேட்டிட்யூட் வாங்கி ஒரு மாதம். கரண்டில் ஓடுகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லை, வேகமும் படுத்துவிட்டது. பேட்டரி போச்சு, 3,500 ஆகும் என்கிறார்கள்.

பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் சார்ஜரைப் பாருங்கள். டெல்லின் உருண்டை முனை சார்ஜருக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய முள் இருக்கும். மின்சாரம் வருவது அதில் இல்லை. ‘நான் 65 வாட்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்த முள். அது வளைந்தாலோ, முனைக்கு அருகே ஒயர் உள்ளுக்குள் அறுந்தாலோ, போலிச் சார்ஜரானாலோ, லேப்டாப்புக்குச் சார்ஜர் யாரென்று தெரியாது. அப்போது பேட்டரியை ஏற்றாது, புராசஸரையும் அடக்கி வைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் வேகம் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே நின்றுபோயிருந்தால் பெரும்பாலும் இதுதான்.

எஃப்2 அழுத்தி பயாஸில் பேட்டரி பக்கம் போங்கள். அடாப்டர் 65 வாட் என்று காட்டினால் சார்ஜரில் குறையில்லை, பேட்டரியைச் சந்தேகியுங்கள். தெரியாத வகை என்று காட்டினால் அதே வாட்டில் வேறொரு அசல் டெல் சார்ஜரை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். ஏறினால் சார்ஜரை மட்டும் மாற்றுங்கள். அதிலும் ஏறாவிட்டால் லேப்டாப் பக்கத்துச் சாக்கெட். பெரும்பாலான லேட்டிட்யூட்களில் அது சிறு ஒயரோடு தனியாகக் கழன்று வரும், போர்டைத் தொட வேண்டியதில்லை. ஒரு மாதம்தானே ஆகிறது, பில்லில் சார்ஜருக்கும் வாரண்டி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.