நானோ துகள் இம்யூனோதெரபிக்கு எப்படி உதவுகிறது?

இம்யூனோதெரபி என்பது நம் நோய் எதிர்ப்புச் செல்களையே புற்றுநோயோடு மோதத் தூண்டும் சிகிச்சை. சிக்கல் என்னவென்றால், மருந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது. தூண்டப்பட்ட செல்கள் நல்ல குடலையும் தோலையும்கூடத் தாக்கலாம்.

சரி, நானோ துகள்? பெரும்பாலும் கொழுப்பாலான குமிழி. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. மும்பை தாதர் ஸ்டேஷனில் டப்பாவாலா, அதாவது வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுசேர்ப்பவர், இறக்கும் டிபன் கேரியரைப் பாருங்கள். மூடி இருப்பதால் நம் வீட்டுச் சாம்பார் சாதம் சிந்துவதில்லை, அதில் பெயின்ட்டால் எழுதிய குறி இருப்பதால்தான் சரியான மேசைக்குப் போகிறது. துகளும் மருந்தை மூடிவைத்து, புற்றுக்கட்டிக்கோ, நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுவுக்கோ கூடுதலாகக் கொண்டுசேர்க்கப் பார்க்கிறது. டப்பாவாலாவின் துல்லியம் இன்னும் வரவில்லை. நிறைய துகள்கள் கல்லீரலிலேயே தங்கிவிடுகின்றன.

துகளே புற்றுநோயைக் கொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த முறையில் அது சுமப்பது மட்டும்தான், கொல்வது நம் செல்கள்.