மைக் ப்ரீஆம்பை ஆடியோ இன்டர்ஃபேஸில் எந்த இடத்தில் செருகுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: குடியாத்தத்தில் வீட்டு அறையில் கதை வாசித்துப் பதிவு செய்கிறீர்கள். டைனமிக் மைக்கும் (தனியாகக் கரண்ட் வேண்டாத வகை), அதை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸும் இருந்தன. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்றைப் புதிதாக வாங்கி, மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளால் நடுவில் கோத்தீர்கள். அதிலிருந்து குரல் உடைகிறது, கூடவே உர்ரென்று ஒரு ஓசை.

முதலில் குரல் உடைவது. இன்டர்ஃபேஸின் முன்பக்க சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் மூன்று சின்னத் துளைகள், நடுவில் ஒரு பெரிய துளை. சின்னத் துளைகளில் எக்ஸ்எல்ஆர் செருகினால் உள்ளேயே இருக்கும் மைக் ப்ரீஆம்புக்குப் போகும். நடுத்துளையில் கால் அங்குல ப்ளக் செருகினால், ஏற்கெனவே பெருக்கிய சிக்னலுக்கான லைன் வழிக்குப் போகும். மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட்தான். புது ப்ரீஆம்ப் அதை 1 வோல்ட் பக்கம் ஏற்றிவிடுகிறது. அதைக் கொண்டுபோய் மறுபடி மைக் வழியில் விட்டால் பெருக்கியதையே பெருக்குகிறோம், உடையாமல் என்ன செய்யும்?

ஆகவே மைக்கிலிருந்து ப்ரீஆம்புக்கு எக்ஸ்எல்ஆர், அங்கிருந்து நடுத்துளைக்கு டிஆர்எஸ் என்னும் கால் அங்குல ப்ளக் உள்ள கேபிள். ப்ளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது டிஆர்எஸ், ஒன்றுதான் என்றால் மோனோ. இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பட்டன் அணைந்திருக்கட்டும், அது கிட்டாருக்கு. 48 வோல்ட் பட்டனையும் அணைத்துவிடுங்கள், டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம். விலை குறைந்த இன்டர்ஃபேஸ் பலவற்றில் லைன் சிக்னலும் அளவு குறைந்து உள் ப்ரீஆம்ப் வழியாகவே போகும். அதனால் அதன் கெயின் (பெருக்கும் அளவு) குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு, ஏற்றுவதை வெளி ப்ரீஆம்பில் ஏற்றுங்கள். 24 பிட்டில் பதிகிறீர்கள் என்றால், உரக்கப் பேசும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டாலே தாராளம்.

ப்ரீஆம்பின் பின்னால் எக்ஸ்எல்ஆர் வெளியீடு மட்டும் இருந்தால் ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை டிஆர்எஸ் உள்ள கேபிள் வேண்டும். கடையில் கிடைக்கவில்லையா? திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவரிடம் போங்கள், பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின் ப்ளக்கின் நுனிக்கு, 3ஆம் பின் நடு வளையத்துக்கு, 1ஆம் பின் அடிப்பகுதிக்கு. இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது.

அடுத்து உர்ர். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் எர்த் வழியில் ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதில் ஏறி வருகிறது. ப்ரீஆம்பையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் யோசனை எங்கேயாவது கண்ணில் படும், கேட்காதீர்கள், ஷாக் அடிக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம். கரண்ட் வரட்டும், அப்புறம் பதியலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷூர் எஸ்எம்7பி மாதிரி சுமார் 60 டெசிபல் கெயின் கேட்கும் மைக் என்றால், உள் ப்ரீஆம்ப் திணறும்போது வெளி ப்ரீஆம்புக்கு வேலை இருக்கிறது. மற்றபடி முக்கால்வாசிப் பேருக்கு அது வீண் செலவு என்பதே என் கருத்து. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே 20 செ.மீ. இருந்ததை 10 ஆக்கினால் சுமார் 6 டெசிபல் இலவசமாகவே கிடைக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் 'ப' வெடிப்பதும் குறையும். நம் பக்கத்துப் பதிவுகளைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபேன்தான். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு நாலு பக்கம் வாசிப்பது தண்டனை. நான் இருக்கும் காட்பாடியில் ரயில் ஹாரன் வேறு. அதனால் மே மாதம் முழுக்க என் பதிவெல்லாம் விடியற்காலையில்தான்.

நடுத்துளைக்கு மாற்றிய பிறகும் உர்ர் நிற்கவில்லை என்றால், ப்ரீஆம்பின் அடாப்டர் இரண்டு பின்னா மூன்று பின்னா என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.