மோதிரத்தில் அகாப்பேயா, ஈரோஸா?

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். இரண்டு மோதிரத்திலும் உள்பக்கம் கிரேக்கத்தில் ஒரு சொல் பொறிக்கலாம் என்று முடிவு செய்து, நகைக்கடையில் 'அகாப்பே' என்று சொல்லியும் விட்டேன். இப்போது நண்பன் ஒருவன், அது கடவுள் மனிதர்மேல் வைக்கும் அன்பு, புருஷன் பெண்டாட்டிக்கு 'ஈரோஸ்'தான் பொருத்தம் என்கிறான். வாட்ஸப்பில் வந்த ஒரு பட்டியலோ கிரேக்கத்தில் காதலுக்கு எட்டுச் சொற்கள் என்கிறது. எதைப் பொறிப்பது?

பதில்: அகாப்பேயையே பொறியுங்கள், கடையில் சொன்னதை மாற்ற வேண்டாம். இன்றைக்கு ஏதென்ஸில் ஒரு பெண் தன் கணவனை போனில் கூப்பிடும்போது 'அகாப்பி மூ' என்றுதான் கூப்பிடுவாள், 'என் அன்பே' என்று அர்த்தம் (பழைய 'அகாப்பே' இன்றைய உச்சரிப்பில் 'அகாப்பி'; அதில் வரும் 'க' நாம் 'அகம்' என்னும்போது வருகிற அதே மெல்லிய க). காதலைச் சொல்கிற வாக்கியமும் அந்த வேரிலிருந்துதான் வருகிறது, அம்மா பிள்ளையிடம் சொல்வதும் அதே வாக்கியம்தான்.

முதலில் அந்த எட்டுச் சொல் பட்டியலை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது நிறையப் பேரைக் குழப்பியிருக்கிறது. அதில் இருக்கும் 'லூடஸ்' கிரேக்கமே இல்லை, லத்தீன்; விளையாட்டு என்று பொருள். அது எப்படி உள்ளே வந்தது என்றால், ஜான் ஆலன் லீ என்ற கனடா நாட்டுச் சமூகவியலாளர் 1973-இல் மனிதர்கள் காதலிக்கும் விதங்களை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டார். அவர் வைத்தது தன் ஆய்வுக்கான பெயர்கள்தான். பிறகு வந்தவர்கள் அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, 'பண்டைய கிரேக்கர்களின் எட்டுக் காதல்' என்று சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலில் 'நிதானமான, நீடித்த காதல்' என்று வரும் 'ப்ராக்மா'வுக்குக் கிரேக்கத்தில் காரியம், விஷயம், பொருள் என்றுதான் அர்த்தம். அதை மோதிரத்தில் பொறித்தால் கிரேக்கம் தெரிந்தவர் 'சாமான்' என்று படிப்பார்! 'மேனியா' என்றால் பித்து. காதலும் தெய்வம் தந்த ஒரு பித்துதான் என்று பிளேட்டோ தன் 'ஃபைத்ரஸ்' உரையாடலில் சாக்ரடீஸைப் பேச வைத்திருக்கிறார், ஆனால் அங்கே அது ஈரோஸின் இயல்பைச் சொல்வது, தனி ஒரு காதல் வகை இல்லை. 'ஃபிலௌட்டியா' என்றால் தன்மேல் தனக்குள்ள அன்பு. கல்யாண மோதிரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

மிச்சம் நான்கு: அகாப்பே, ஈரோஸ், ஃபிலியா, ஸ்டோர்கே. இவை நான்கும் உண்மையான கிரேக்கச் சொற்கள்தான். ஆனால் இவற்றை நான்கு டப்பாவில் போட்டு மூடி, இது கடவுளுக்கு, இது கட்டிலுக்கு, இது நண்பனுக்கு, இது குடும்பத்துக்கு என்று லேபிள் ஒட்டியது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் வேலை. ஸ்வீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நிக்ரென் 1930-களில் அகாப்பேயையும் ஈரோஸையும் எதிரெதிராக நிறுத்தி எழுதினார், 1960-இல் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் 'நான்கு அன்புகள்' என்ற புத்தகம் வந்தது. அங்கிருந்து பிரசங்க மேடைக்கும், அப்புறம் வாட்ஸப்புக்கும் வந்தாயிற்று. உங்கள் நண்பர் பேசுவது அந்த வழியாக வந்த பேச்சு.

சரி, பழைய நூல்களில் அகாப்பே எப்படி இருக்கிறது? அந்தப் பெயர்ச்சொல் பரவலாகக் கண்ணில் படுவதே எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில்தான், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய வேலை அது. அதில் இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன், தன் தகப்பனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தாமார்மேல் மோகம் கொண்டு, நோயாளிபோல் படுத்து அவளை வரவழைத்துப் பலவந்தம் செய்கிறான். உடனே அவள்மேல் வெறுப்பு வருகிறது, முன்பிருந்த 'அகாப்பே'யைவிட இந்த வெறுப்பு பெரிது என்கிறது கிரேக்க வாசகம். அந்த மோகத்துக்கும் அகாப்பே என்றே பெயர். அதே வேதத்தில் உள்ள காதல் பாடலான உன்னதப்பாட்டில் 'மரணத்தைப்போல் வலியது' என்று காதலன் காதலிக்கிடையே சொல்லப்படுவதும் அகாப்பேதான். புதிய ஏற்பாட்டில் தேமா என்பவன் பவுலைக் கைவிட்டுப் போனதற்குக் காரணம் இந்த உலகத்தின்மேல் வைத்த ஆசை. அதற்கும் அகாப்பேயின் வினைச்சொல்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை வைத்து இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். இயேசு தன் சீடன் பேதுருவிடம் 'என்மேல் அன்பு உண்டா' என்று இரண்டு முறை அகாப்பேயின் வினையால் கேட்கிறார், பேதுரு ஃபிலியாவின் வினையால் பதில் சொல்கிறான், மூன்றாம் முறை இயேசுவும் பேதுருவின் சொல்லுக்கு இறங்கிவருகிறார் என்பார்கள். பழைய தமிழ் வேதாகமத்திலும் 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறாயா' என்று வித்தியாசம் காட்டியிருக்கிறார்கள். பிரசங்கத்துக்கு நல்ல சரக்கு. ஆனால் அதே யோவான், பிதா குமாரனை நேசிப்பதை 3-ஆம் அதிகாரத்தில் ஒரு வினையாலும் 5-இல் மற்றதாலும் சொல்கிறார். இயேசுவுக்கு அன்பான சீடனுக்கும் இரண்டும் வருகின்றன. அந்த 21-ஆம் அதிகாரத்திலேயே 'ஆடுகள்', 'மேய்ப்பது' என்பவற்றுக்கும் சொல்லை மாற்றி மாற்றித்தான் போடுகிறார். அது அவர் எழுதும் பாணி என்பதே என் கட்சி.

எப்படிப் பார்த்தாலும், எபேசியருக்கு எழுதிய நிருபம் 5:25 'புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்' என்பது அகாப்பேயின் வினையால்தான். நண்பர் இன்னும் மசியவில்லை என்றால் அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

ஈரோஸும் அவர் நினைக்கிற அளவுக்குப் படுக்கையறைச் சொல் இல்லை. ஹோமரின் வீரர்கள் விருந்தை முடித்து எழும்போதெல்லாம் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், 'உணவின்மீதும் குடியின்மீதும் இருந்த ஆசை தீர்ந்த பிறகு' என்று. அந்த ஆசைக்கு ஈரோஸின் பழைய வடிவம்தான் இருக்கிறது. கி.மு. 415-இல் சிசிலிமேல் படையெடுக்க ஏதென்ஸ் மக்கள் துடித்ததை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், கிளம்பிப் போகவேண்டும் என்ற 'ஈரோஸ்' எல்லோர்மேலும் விழுந்தது என்று எழுதுகிறார். இரண்டே வருஷத்தில் அந்தப் படை மொத்தமும் அழிந்தது. ஆக ஈரோஸ் என்றால் ஆளைப் பிடித்து உலுக்குகிற வேட்கை, எதன்மேலும் வரலாம். காதலுக்குச் சரியான சொல்தான், மோதிரத்தில் போட்டாலும் தப்பில்லை; ஐம்பது வயதிலும் கழற்றாமல் போட்டிருப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டோர்கே வேண்டாம், அது முக்கியமாகப் பெற்றோர் பிள்ளை பாசம். ஃபிலியாவை மட்டும் லேசாக ஒதுக்காதீர்கள். நட்பு என்று மொழிபெயர்க்கிறோம், ஆனால் அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் இரண்டு முழுப் பகுதிகளை இதற்கே ஒதுக்கி, தாய் பிள்ளை, வியாபாரக் கூட்டாளிகள் எல்லோரையும் இதற்குள் கொண்டுவருகிறார். கணவன் மனைவிக்கிடையே ஃபிலியா இயற்கையிலேயே உண்டு, மனிதன் ஊராகச் சேர்வதைவிட ஜோடியாகச் சேர்வதற்கே அதிகம் இயல்புடையவன் என்கிறார். சேர்ந்து உப்புத் தின்று தீர்க்காமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் அங்கேதான் எடுத்துக்காட்டுகிறார். கல்யாணத்தைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு வரி நான் படித்ததில்லை. ஆனால் இன்றைய கிரேக்கர் ஃபிலியா என்று படித்தால் வெறும் நட்பு என்றுதான் எடுத்துக்கொள்வார், அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

நான் உண்மையில் கவலைப்படுவது எழுத்துக்கூட்டலைப் பற்றி. மோதிரத்துக்குப் பெரிய எழுத்துகளே நல்லது, அவற்றின்மேல் உச்சரிப்புக் குறி போட வேண்டியதில்லை. ஐந்து எழுத்து: ஆல்ஃபா, காமா, ஆல்ஃபா, பை, ஈட்டா. கடைசி எழுத்தான ஈட்டா பார்க்க ஆங்கில எச் போலவே இருக்கும். பொறிப்பவர் 'சார், ஸ்பெல்லிங் தப்பா இருக்கே' என்று அதை 'ஈ'யாகத் திருத்திவிடலாம். கடையில் ஆங்கிலத்தில் தட்டிவிட்டு எழுத்துருவை மட்டும் கிரேக்கத்துக்கு மாற்றினாலும் இதே கதிதான், கடைசியில் ஈட்டாவுக்குப் பதில் எப்சிலான் வந்து உட்காரும், சொல் பிழையாகிவிடும். அதனால் சொல்லைப் பெரிதாக அச்சடித்துக் கையில் கொடுத்து, லேசர் ஓடும் முன் திரையில் கடைசி எழுத்து எச் மாதிரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.